இருவருக்கு ஒரு நாவு

'ஆங்கிலம் கற்றவன் உலகில் எந்த மூலையிலும் பிழைத்துக்கொள்வான்' என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும், வெளிநாட்டு வரன் பார்க்கும்போதும் நம் குடும்பங்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்த வாக்கைத்தான். அந்த ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்தவர்களே, தங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவிலுள்ள அயல்நாட்டில் குடியேறி, பேசும் வாயிருந்தும் ஊமைகளாய் நிற்பதுண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் அக்கரை இக்கரைக்குத் தெரியும். ஆயினும் அதைக் கடந்து சென்று குடியேறும் பிரிட்டிஷ் குடும்பங்கள் அன்றாட வாழ்வில் சந்திக்கும் இடர்கள் பல. அவற்றுள் ஒன்று கணவன் மனைவி உறவையே தொடுகிறது. அதைக் குறித்தே இம்மாதம் எழுத விழைகிறோம்.

பிரான்சின் நாட்டுப்புறங்களில், சிறப்பாகத் தொர்தோஞ், லிமூசேன், பிரித்தானி ஆகிய பகுதிகளில், இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட்டதால் பழைய கல்வீடுகள் பல வெறுமையாய்க் கிடந்தன. இங்கிலாந்தில் ஒரு சிறு வீடு வாங்கும் விலைக்கு அங்கே தோட்டமும் களஞ்சியமும் கூடிய பெருவீடு கிடைத்தது. 1989-இல் பீட்டர் மேல் என்பவர் புரோவான்சில் தாம் கழித்த ஓராண்டைப் பற்றி எழுதிய நூல், பலர் உள்ளத்தில் இந்த ஆசைக்குத் தூபம் போட்டது. பின்னர்க் குறைந்த கட்டண விமானங்கள் பெர்ழெராக், லிமோஜ் போன்ற சிற்றூர் நிலையங்களிலும் இறங்கத் தொடங்கின. தொர்தோஞில் எமே என்னும் ஊரில் இன்று ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடுகின்றனர். இவ்வாறு செல்வோரில் பெரும் பகுதியினர் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அத்தகைய தம்பதியர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். கணவர் பள்ளியில் நான்கைந்து ஆண்டுகள் பிரெஞ்சு படித்தவர். மறந்ததுபோக மீதியைக்கொண்டு கூச்சமின்றிப் பேசுகிறார். மனைவியோ, தவறாகப் பேசி நகைப்புக்கிடமாவோமோ என அஞ்சுகிறார். "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். மனைவி பேச, கணவர் ஒதுங்கி நிற்கும் வீடுகளும் உண்டு. எப்படியாயினும், இருவருக்கு ஒரு நாவு என்ற ஏற்பாடு முதல் வாரத்திலேயே அமைந்துவிடுகிறது. அதை எவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை.

முதல் வாரத்தில் வந்து நிற்பது தாள்களின் தொல்லை. வங்கிக் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள்; மின்கட்டணச் சீட்டு இருந்தால் போதும் என்பார்கள். மின்சார நிறுவனமோ பணம் பெற வங்கிக் கணக்கு விவரம் கேட்கும். தொலைபேசி இணைப்புக்கு இரண்டும் வேண்டும். தொடக்கமும் முடிவும் இல்லாத இவ்வட்டத்தை உடைப்பது பெரும்பாலும் நொத்தேர் தரும் ஒரு சான்றுதான். வீடு வாங்கியதற்கு அவர் எழுதித்தரும் தாளைக் காட்டினால் வங்கிக் கதவு திறக்கும். நொத்தேர் என்ற சொல் புதுவை வாசகர்களுக்குப் புதிதன்று; அங்குக் கடற்கரையில் நிற்கும் 'மேரி' கட்டடமும் அவர்கள் அறிந்ததே. பிரான்சில் சிற்றூர்தோறும் ஒரு மேரி, அதாவது ஊராட்சி அலுவலகம், உண்டு. புதிதாய்க் குடியேறியவர் முதலில் அங்குச் சென்று தம்மை அறிமுகம் செய்துகொள்வது நல்வழக்கம்.

பிறப்புச் சான்றிதழ் விஷயம் இன்னும் சுவையானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்தபோது பெற்ற மூலச் சான்றிதழை ஆங்கிலேயர் பெருமையோடு நீட்டுகிறார். அலுவலர் தலையசைத்து, "இது பழையது, சில மாதங்களுக்குள் எடுத்ததாக வேண்டும்" என்கிறார். "நான் பிறந்தது மாறிவிட்டதா?" என்று ஆங்கிலேயர் சினக்கிறார். இதில் யார் பக்கம் நியாயம்? நம் பங்குக் குடும்பத்தினருக்கு இது எளிதில் விளங்கும். நம் ஆலயங்களில் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் ஒருவரின் திருமணமும் பின்னர்க் குறிக்கப்படுகிறது. ஆகையால்தான் திருமணத்துக்கு எழுதிக்கொடுக்கும்போது, அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவருமாறு பங்குத்தந்தை கேட்கிறார். பிரெஞ்சு அரசின் பிறப்புப் பதிவேடும் அத்தகையதே. திருமணம், மணமுறிவு, இறப்பு யாவும் அதன் ஓரத்தில் ஏறும். புதிய படி என்றால் இன்றைய நிலை என்று பொருள். இங்கிலாந்தின் சான்றிதழில் அப்படி எதுவும் ஏறுவதில்லை. எனவே ஆங்கிலேயருக்கு இக்கேள்வி மூடத்தனமாகவும், பிரெஞ்சு அலுவலருக்கு ஆங்கிலேயரின் சினம் அறியாமையாகவும் தோன்றுகிறது. சான்றிதழை மொழிபெயர்க்கவும் நீதிமன்றத்தில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரே வேண்டும். வீட்டில் எழுதிக்கொண்டு போனால் ஏற்கமாட்டார்கள்.

மனைவியின் பெயரிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இங்கிலாந்தில் மணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்று, கடவுச்சீட்டிலும் அதையே பொறித்துக்கொள்கிறார். பிரான்சிலோ, பிறந்தபோது பெற்ற பெயரே சட்டப்படி இறுதிவரை ஒருவருக்குரியது. 1794-இல் புரட்சி அரசு இயற்றிய சட்டம் அது. கணவர் பெயரை வழங்குபெயராகக் கொள்ளலாம், பதிவேட்டில் மாறாது. மருத்துவமனைக் கூடத்தில் செவிலியர் வந்து, நாற்பது ஆண்டுகளாக எவரும் அழைத்திராத தந்தை வீட்டுப் பெயரை, அதுவும் பிரெஞ்சு ஒலியில், உரக்க அழைப்பார். அம்மையாரோ அது வேறு யாரையோ என்றெண்ணி அமைதியாய் அமர்ந்திருப்பார்.

வீட்டுக்குள் வரும் தொல்லைகளை விரைந்து கடப்போம். இங்கிலாந்தின் மூன்றுமுனை மின்செருகி பிரெஞ்சுச் சுவரில் நுழையாது. அங்கு ஒவ்வொரு வீடும் இத்தனை அளவு மின்சாரம் என ஒப்பந்தம் செய்துகொள்கிறது. 6 கிலோ வோல்ட் ஆம்பியர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, 3 கிலோவாட் ஆங்கிலக் கெண்டியில் தேநீருக்கு நீர் கொதிக்க வைத்து, அடுப்பையும் சலவைப் பொறியையும் உடன் இயக்கினால் வீடு இருளில் மூழ்கும். நாட்டுப்புற வீடுகள் பலவற்றில் கழிவுநீர்த் தொட்டி தோட்டத்தில் புதைந்திருக்கும். கிருமி நீங்கட்டும் எனத் தூய்மைப்பொடியை அள்ளிக் கொட்டினால், தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மாண்டு வேறு துன்பம் தொடங்கும். சாலையில் வலப்புறம் ஓட்டப் பழகுவதுகூட ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் குறியீடு ஏதும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கே முதலுரிமை என்ற விதி, பல்லாண்டு ஓட்டியவரையும் திடுக்கிட வைக்கும். சுங்கச் சாவடியில் சீட்டு வழங்கும் பொறி இடப்பக்கம் நிற்கும். இங்கிலாந்து வண்டியில் ஓட்டுநர் அமர்வதோ வலப்பக்கம். கை நீட்டிச் சீட்டை எடுப்பது மனைவியின் பொறுப்பு. அவர் துணையின்றிச் சாவடி தாண்டாத கணவர்கள் உண்டு என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சியே.

மொழிக்கு வருவோம். கடையில் நுழைந்தவுடன் "போன்ழூர்" என்று வணக்கம் கூறாமல் பொருளைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர் முகம் சுருங்கும். ஆங்கிலேயர் "தயவுசெய்து", "நன்றி" என்பவற்றை வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்ப்பவர். எனினும் வணக்கத்தை விட்டுவிட்டதால் முரடர் எனப் பெயர் வாங்குகிறார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. நமக்கு அது பிறவிப் பழக்கம். பெரியவரை நீ என்று சொல்ல நம் நாக்கே கூசும். ஆங்கிலத்திலோ யாவருக்கும் ஒரே சொல். ஆகவே அடுத்த வீட்டு மூதாட்டியை முதல் நாளே 'நீ' என்று அழைத்துவிட்டு, அவர் ஏன் முகம் திருப்பிக்கொண்டார் என விளங்காமல் ஆங்கிலேயர் திகைப்பார்.

எண்கள் இன்னும் கொடியவை. பிரெஞ்சில் 70 என்பது 'அறுபது-பத்து'. 80 என்பது 'நான்கு-இருபது'. 97 என்பது 'நான்கு-இருபது-பத்து-ஏழு'. தொலைபேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'அறுபது' என்று கேட்டவுடன் 60 என எழுதிவிடுகிறார் ஆங்கிலேயர். உடனே 'பதினைந்து' என்று வருகிறது. அது 75 என்று புரிவதற்குள் அடுத்த இரண்டு எண்கள் காற்றில் கரைந்துவிடும். (நம் தொண்ணூறிலும் நூறு ஒலிக்கிறதே என்று தமிழ் கற்கும் அயலார் கேட்டால் நாமும் சற்று விழிக்கத்தான் வேண்டும்.) மின்கட்டணம், மருத்துவரிடம் நேரம் வாங்குவது, மருந்தின் அளவு யாவும் எண்களில் அடங்கியிருப்பதால், பேச்சுக்கு அஞ்சும் மனைவி எண்களுக்கு இரட்டிப்பாய் அஞ்சுகிறார்.

ஆகவே, தொலைபேசி மணி ஒலித்தால் கணவரே எடுக்கிறார். மனைவி உடல்நலமின்றி மருத்துவரிடம் சென்றாலும் அருகில் அமர்ந்து அவருக்கு வலிப்பது எங்கே என்பதைக் கணவரே சொல்கிறார். ஒரு பெண்மணி தம் உடலின் நோவைத் தாமே எடுத்துரைக்க முடியாத நிலை இது. ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்துவிடுகிறது. அண்டையில் ஆங்கிலக் குடும்பங்கள் இருக்கின்றன; இங்கிலாந்துத் தொலைக்காட்சி வீட்டிலேயே தெரிகிறது; குறையேதும் தோன்றவில்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். அறுபதுக்கு மேல் புது மொழி கற்பது எளிதன்று. அன்பான கணவர் முன்வந்து பேசிவிடும்போது, அந்த அன்பே மனைவியின் நாவைக் கட்டிவிடுகிறது.

பிரான்சின் மருத்துவ ஏற்பாடு நல்லது என்று குடியேறியோர் பெரும்பாலும் ஒப்புவர். ஆனால் அது வேறு விதமானது. இங்கிலாந்தில் 1948 முதல் மருத்துவரிடம் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. பிரான்சில் குடும்ப மருத்துவர் ஒருவரைத் தெரிந்தெடுத்து எழுதித்தர வேண்டும். 2024 இறுதி முதல் அவருக்குரிய கட்டணம் 30 யூரோ. அதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அரசுக் காப்பீடு திருப்பித்தரும். எஞ்சியதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். குடும்ப மருத்துவரைப் பதிவு செய்யாதவருக்குத் திரும்புவது 30 விழுக்காடே. நாட்டுப்புறங்களில் மருத்துவர் பற்றாக்குறை மிகுந்திருப்பதால், புதிய நோயாளியை ஏற்பவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இங்கிலாந்து அரசின் ஓய்வூதியம் பெறுவோர் அங்கிருந்து எஸ்-1 என்னும் படிவம் பெற்றுத் தந்தால், செலவை இங்கிலாந்தே ஏற்கும். இவற்றையெல்லாம் கணவர் பொறுமையாய் முடித்து, கோப்பில் அடுக்கி, அலமாரியில் வைத்திருக்கிறார். மனைவி அக்கோப்பைத் திறந்து பார்த்ததில்லை.

ஒருநாள் நள்ளிரவில் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் 999. பிரான்சில் மருத்துவ உதவிக்கு 15. தீயணைப்போருக்கு 18, மயங்கி வீழ்ந்தவரிடம் முதலில் ஓடி வருவதும் பெரும்பாலும் அவர்களே. ஐரோப்பா முழுமைக்கும் 112. எண்ணைச் சுழற்றிவிடலாம். மறுமுனையில் கேட்பது பிரெஞ்சுக் குரல். எந்த ஊர், எந்தக் குக்கிராமம், வயதென்ன, மூச்சு விடுகிறாரா, என்ன மருந்து உட்கொள்கிறார் என வினவுகிறார்கள். ஆங்கிலம் அறிந்தவர் அம்முனையில் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். நாட்டுப்புறங்களில் தெருப்பெயரும் கதவெண்ணும் இல்லாமல், குக்கிராமத்தின் பெயர் மட்டுமே முகவரியாக நெடுங்காலம் வழங்கி வந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சிற்றூர்களும் எல்லாத் தெருக்களுக்கும் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் இட வேண்டும் என்றது. தம் ஊரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் விளங்கிக்கொள்ளும் வகையில் ஒருமுறைகூட உச்சரித்திராத ஒருவர், அந்நேரத்தில் முதன்முறையாக அதை உச்சரிக்க வேண்டியிருக்கிறது. பேசிக்கொடுக்க வேண்டியவரோ தரையில் கிடக்கிறார்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 சனவரி 31-இல் விலகியபின், சட்டமும் குடியேறுவோரிடம் மொழியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2020 முடிவதற்குள் குடியேறியிருந்தோருக்கு உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டு. அதன்பின் வருவோர் ஏனைய அயல்நாட்டாரைப் போன்றவர்களே: விசா இன்றி 180 நாட்களில் 90 நாட்களுக்குமேல் தங்கலாகாது. 2024 சனவரியில் இயற்றிய சட்டப்படி, பத்தாண்டுக் குடியிருப்பு அட்டைக்குரிய பிரெஞ்சுத் தகுதியும் 2026 முதல் ஒருபடி உயர்ந்துள்ளது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. முதியோர்மேல் இரக்கம் கொண்டு அளித்த விலக்கு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொழி இன்றியமையாது தேவைப்படுவது அவ்வயதில்தான் என்பதை எண்ணும்போது, இச்சலுகை நன்மையா என்று நமக்குத் தெளிவாகவில்லை.

கணவர் பிழைத்தெழுந்தால் நன்று. இறந்துவிட்டாலோ, துயரத்தோடு காலக்கெடுவும் வந்து சேர்கிறது. இறப்பை 24 மணி நேரத்துக்குள் மேரியில் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் அடக்கச் சடங்குக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது வழக்கம். பிரான்சில் 2024 சூலை வரை ஆறு நாட்களே அளித்திருந்தார்கள். இப்போது அது 14 நாட்கள். நம்மைப்போல் மறுநாளே அடக்கம் செய்பவருக்கு இது நீண்ட காலமாகத் தோன்றலாம்; கடலுக்கப்பாலிருந்து பிள்ளைகள் வந்துசேர வேண்டிய குடும்பத்துக்கு அவ்வாறன்று. கணவர் பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கு இறப்புச் செய்தி எட்டியவுடன் முடக்கப்படும். இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு பொதுவாகத் தொடரும். சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம் என்ற ஆங்கிலேயர் வழக்கமும் அங்குச் செல்வதற்குத் தடையுண்டு. பிரெஞ்சுச் சட்டம் பிள்ளைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கிறது: ஒரு பிள்ளையாயின் பாதி, இருவராயின் மூன்றில் இரண்டு, மூவரும் அதற்கு மேலுமாயின் நான்கில் மூன்று. 2015 முதல் தம் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை வந்தது. 2021-இல் பிரான்சு அதற்கும் ஒரு கட்டுப்பாடு விதித்தது. நொத்தேர் இவற்றையெல்லாம் விளக்குவார். அவர் விளக்குவது பிரெஞ்சில்.

இத்தகைய குடும்பங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுள் நமக்குப் பிடித்தது ஒன்றுண்டு. தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டிவைக்கிறார்கள். 15 என்னும் எண், வீட்டு முகவரி, பெருஞ்சாலையிலிருந்து வரும் வழி, இருவரின் பிறந்த நாள், நோய், மருந்துகள், குடும்ப மருத்துவர் பெயர் ஆகியவற்றைப் பிரெஞ்சில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பையும் குறித்துவைக்கிறார்கள். மின்சாரம், நீர், வங்கி யாவற்றிலும் இருவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தாளை ஒட்டியது போதாது. வாரம் ஒருமுறையேனும் அதை உரக்கப் படிக்க வேண்டும், அதுவும் மனைவி படிக்க வேண்டும், கணவர் கேட்டுத் திருத்தலாம்.

அடுத்தபடி ரொட்டிக் கடை. காலையில் கடை திறந்ததும் மனைவி தனியே உள்ளே சென்று "போன்ழூர், மதாம்" என்று தொடங்கட்டும். ஒரு நீள ரொட்டி கேட்கட்டும். விலையைக் காதால் கேட்டு, பெட்டியின் எண்பலகையைப் பாராமல் காசை எண்ணிக் கொடுக்கட்டும். தவறினால் கடைக்காரம்மா திருத்துவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சற்றுக் காத்திருப்பார்கள். அதுவரை கணவர் வெளியே வண்டியிலேயே அமர்ந்திருக்கட்டும். கதவைத் திறந்துகொண்டு உதவிக்கு ஓடிவர வேண்டாம்.